காலையில் போட்ட மெசேஜ்: ஒரு பிளேஸ்மென்ட் செல்லின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது நான் பிளேஸ்மென்ட் ஆபீசராக, அதாவது மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்பாடு செய்யும் பிரிவின் பொறுப்பாளராக, இருக்கும் கல்லூரியில் 2023 செப்டம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை நடந்தது. கல்லூரி, மாணவர்கள், கம்பெனிகள் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துச் சுயநிதிப் பொறியியல் கல்லூரி, இறுதியாண்டில் நானூறு பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் முதல் பட்டதாரிகள். டிரைவ் (ஒரு கம்பெனி கல்லூரியில் ஆள் எடுப்பது) என்றால் என்ன, ஆஃபர் லெட்டர் கையில் வந்தாலும் ஜாயினிங் தேதி ஏன் தள்ளிப்போகிறது, சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தம்) என்று போட்டிருக்கும் தொகை ஏன் அப்படியே கைக்கு வராது, இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. எங்களிடம்தான் கேட்க வேண்டும்.

2020 மார்ச்சுக்கு முன்னால் எங்கள் வேலை காகிதத்தில் ஓடியது. சர்க்குலர் அடித்து, பிரின்சிபால் கையெழுத்து வாங்கி, அட்டெண்டர் அண்ணனிடம் கொடுத்தால் அவர் வகுப்பு வகுப்பாக எடுத்துப்போவார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் வாசித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். மெதுவான ஏற்பாடுதான். ஆனால் எந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை என்பது அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊரடங்கு வந்ததும் எல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனது. வேறு வழி கிடையாது. அப்போது ஒரு குரூப்பில் 256 பேர்தான் இருக்க முடியும் என்பதால் துறை துறையாகப் பிரித்தோம். 2022-இல் அந்த வரம்பு 512 ஆகி, அப்புறம் 1024 ஆனது, நாங்கள் பிரித்ததை மட்டும் யாரும் திரும்ப ஒன்று சேர்க்கவில்லை. அதே வருடம் மார்ச்சில் தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஒரு குரூப், ஆப்டிட்யூட் பயிற்சிக்கு ஒன்று, ஒவ்வொரு டிரைவுக்கும் தற்காலிகமாக ஒன்று என்று சேர்ந்துகொண்டே போனது. ஒரு மாணவி தன் போனில் எண்ணிக் காட்டினாள், கல்லூரி சம்பந்தப்பட்டது மட்டும் பதினொரு குரூப்.

கல்லூரி மறுபடி திறந்தபோது சர்க்குலர் திரும்பி வரவில்லை, செல்போன் தடை திரும்பி வந்தது. வகுப்பு நேரத்தில் போனை ஆஃப் பண்ணிப் பையில் வைக்க வேண்டும், கண்ணில் பட்டால் பறிமுதல். மாணவியர் விடுதியில் இன்னும் கடுமை: காலை எட்டு மணிக்குள் வார்டனிடம் ஒப்படைத்தால் மாலை ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். மாணவர் விடுதிக்கு இந்த விதி கிடையாது. ஆக, அறிவிப்பு வருவது போனில், போன் இருப்பது வார்டன் அறையில். இந்த இரண்டு ஏற்பாடும் ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த வியாழக்கிழமை

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸ் எடுப்பை நன்றாகக் குறைத்திருந்த பருவம் அது. மாதத்துக்கு ஒரு நல்ல டிரைவ் வந்தாலே பெரிய விஷயம். செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு நடுத்தரமான ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆளெடுப்பைக் கவனிக்கும் எச்.ஆரிடமிருந்து மெயில். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது, விருப்பமுள்ளவர்கள் பட்டியலை அவர்கள் கொடுத்த எக்ஸெல் வடிவத்தில் அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். நாங்கள் வழக்கம்போல ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு, பதினொன்றேகாலுக்கு எல்லா குரூப்பிலும் லிங்க் போட்டோம். மூன்றரைக்கு ஃபார்மை மூடி, பட்டியலைச் சரிபார்த்து, நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அனுப்பிவிட்டோம். வேலை சுத்தமாக முடிந்தது என்ற நிறைவோடுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எலெக்ட்ரானிக்ஸ் துறை (இ.சி.இ.) இறுதியாண்டு மாணவி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நல்ல மதிப்பெண், அரியரே கிடையாது, அந்தக் கம்பெனி எதிர்பார்க்கும் மாதிரியான போர்டு டிசைன் வேலையைத்தான் புராஜெக்டாகச் செய்துகொண்டிருந்தாள். "சார், நேத்து அந்த லிங்க் எத்தனை மணிக்கு சார் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"காலையிலயே மெசேஜ் போட்டாச்சேம்மா. குரூப்ப பாக்கலையா?"

அவள் பதில் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். விடுதியில் போனை ஒப்படைத்ததற்குக் கொடுக்கும் டோக்கன். அறை எண், தேதி, பால்பாயிண்டில் 7.50 என்று நேரம்.

உடனே எச்.ஆருக்குப் போன் செய்தேன். ஆன்லைன் டெஸ்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்து முன்பதிவு முடிந்துவிட்டது, இனி சேர்க்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன். "சரிங்க சார்" என்று டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

கவனித்தவை

அன்று மத்தியானம் மாணவ ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த ஃபார்மின் பதில் ஷீட்டைத் திறந்தோம். கூகுள் ஃபார்ம் ஒவ்வொரு பதிலுக்கும் முதல் பத்தியில் நேரத்தைப் பதிந்துவைக்கும். அதுவரை அந்தப் பத்தியை நாங்கள் கம்பெனிக்கு அனுப்பும் முன் அழித்துவிடுவோம், தேவையில்லாதது என்று. அன்றைக்கு முதல்முறையாக அதை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தோம். முதல் அரைமணி நேரத்தில் பதிந்தவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்திருந்த ஐ.டி., சி.எஸ்.இ. பசங்க. அடுத்து மதிய இடைவேளையில் ஒரு கூட்டம், அதில் அதிகமும் மாணவர் விடுதி. தகுதியுள்ளவர்களில் பாதிப்பேர்கூடப் பதியவில்லை.

மாணவியர் விடுதியிலிருந்து இரண்டே பெயர். அந்த இரண்டையும் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: இரண்டிலும் ஒரே மின்னஞ்சல் முகவரி. வீட்டிலிருந்து வந்துபோகும் தோழி ஒருத்தி, இருவருக்கும் தானே ஃபார்மை நிரப்பி, தன் மெயில் ஐடியைப் போட்டிருக்கிறாள். நல்ல மனசு, ஆனால் டெஸ்ட் லிங்க் மெயிலில்தானே வரும், ஒரே முகவரிக்கு இரண்டு பேருக்கான லிங்க் எப்படி வரும்? அதை மட்டும் அன்றே எச்.ஆரிடம் சொல்லித் திருத்த முடிந்தது.

அப்புறம் வாட்ஸ்அப்பில் நாங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து 'தகவல்' பார்த்தோம். யார் படித்தார், யாருக்கு வந்து சேர்ந்தது மட்டும் என்று அது பிரித்துக் காட்டும், நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களுக்கும் குரூப்பில் அது வேலை செய்யும். அதையும் நாங்கள் அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மாணவியர் விடுதிப் பெயர்களுக்கு நேரே வரிசையாக ஆறு மணிக்கு மேல். கிராமத்துப் பேருந்துகளில் வருபவர்களுக்கு ஏழரை, எட்டு. மெக்கானிக்கல் பசங்க ஒர்க்‌ஷாப் முடிந்து மூன்றே முக்காலுக்கு. அதாவது ஃபார்ம் மூடிய பிறகு.

வார்டன் மேடத்திடம் அனுமதி கேட்டு ஒரு மாலை அவர் அறைக்குப் போனேன். சுவரோரம் மரப்பெட்டி, தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் பெட்டி மாதிரி சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி அறை எண். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு போன் வெளிச்சம் போட்டு அணைந்தது, பக்கத்தில் இன்னொன்று, மேலே இன்னொன்று, அநேகமாக ஒரே குரூப்பில் யாரோ எதையோ போட்டிருக்க வேண்டும். பெட்டி முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. நான் மூன்று வருடமாக இந்தப் பெட்டிக்குத்தான் வேலைவாய்ப்பு அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எங்களிடம் வந்த தீர்வு ஒரு ஆப். பிளேஸ்மென்ட் போர்ட்டல் விற்கும் நிறுவனம் ஒன்று நிர்வாகத்திடம் பேசியிருந்தது. டாஷ்போர்டு, நோட்டிஃபிகேஷன், எல்லாம் உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டிஃபிகேஷனும் அதே மரப்பெட்டிக்குள்தான் போய் அடிக்கும். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றியும் யோசித்து ஒருமுறை சோதித்தோம், நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும் என்பதால் நிறையப் பேருக்குக் கிடைக்கவில்லை.

பெரிய மாற்றம் கம்பெனிகளிடம் கெடு கேட்பதில்தான் வந்தது. இனி எந்தப் பட்டியலும் மெயில் வந்த மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்னால் அனுப்ப இயலாது என்று எல்லா எச்.ஆருக்கும் ஒரு மெயில் போட்டேன். போடுவதற்கு முன் இரண்டு நாள் தயங்கினேன், உண்மையாகவே பயம். கம்பெனிகள் ஏற்கெனவே குறைவு, எங்களைப் போன்ற கல்லூரியை விட்டுவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போக அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவசரப்படுத்தும் மெயில்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் டிரைவ் தேதி ஒரு வாரம் தள்ளி இருந்தது. கெடு இறுக்கமாக இருந்ததற்குக் காரணம் நாங்கள் ஒருமுறைகூடத் தளர்த்தச் சொல்லிக் கேட்காததுதான். அனேகமாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் மறுத்துவிட்டார்.

அடுத்து, ஒவ்வொரு டிரைவுக்கும் புது ஃபார்ம் என்பதை நிறுத்தினோம். பதிவு எண், மதிப்பெண்கள், அரியர் நிலவரம் எல்லாம் கொண்ட ஒரே ஷீட்டை செமஸ்டர் முடிவு வந்ததும் நாங்களே புதுப்பிப்பது, தகுதியுள்ளவர் பட்டியலை நாங்களே எடுத்து ஒட்டுவது, விருப்பமில்லாதவர் மட்டும் வந்து சொல்வது என்று மாற்றினோம். மெசேஜைப் பார்த்தவருக்கு மட்டும் வாய்ப்பு என்ற நிலை இதனால் போனது. பார்க்காதவர் பெயரும் பட்டியலில் இருக்கும்.

குரூப்புகளை மூடிவிட்டு, 2022 நவம்பரிலேயே வந்துவிட்ட, பல குரூப்புகளை ஒன்றாக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி வசதியில் அட்மின் மட்டும் எழுதும் ஒரே அறிவிப்புப் பக்கத்துக்கு வந்தோம். காலை ஏழேகால், மாலை ஆறரை, இந்த இரண்டு நேரம் தவிர வேறெப்போதும் போடுவதில்லை. கூடவே பழைய கண்ணாடிப் போர்டைத் துடைத்து எடுத்து, விடுதி மெஸ் வாசலிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் ஒன்று ஒன்றாக மாட்டினோம். சர்க்குலரும் திரும்ப வந்தது, பார்த்ததற்கு வகுப்பு ஆலோசகர் கையெழுத்தோடு.

விடுதிப் போன் விதி பற்றிப் பேசியதுதான் கஷ்டம். இறுதியாண்டு மாணவிகளுக்கு மதிய இடைவேளையில் போன் கொடுங்கள், மாணவர் விடுதிக்கு இல்லாத விதி இங்கே மட்டும் ஏன் என்று விடுதிக் குழுவில் கேட்டேன். பெற்றோர் கேட்டுத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். அது பொய்யில்லை. ஒரு அப்பாவிடம் நானே போனில் பேசினேன். "போனு கையில இருந்தா படிப்பு போயிரும் சார். ஆனா வேல மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருங்க" என்றார். அந்த வேலை அந்தப் போன் வழியாகத்தான் வருகிறது என்று அவருக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழு கடைசியில் பாதி வழி வந்தது: போன் கிடையாது, மதியம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை பிளேஸ்மென்ட் செல்லில் பத்து கம்ப்யூட்டர்கள் திறந்திருக்கும், மெயில் பார்த்துக்கொள்ளலாம்.

லிங்க்ட்இன் பக்கம் நடந்தது

இதே நேரத்தில் நிர்வாகம், எல்லா மாணவரும் வேலை சார்ந்த சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. ஒரே பீரியடில் லேபில் உட்காரவைத்து, யாரோ எழுதிய ஒரே அறிமுக வரியைக் காப்பி அடித்து, வகுப்பு வகுப்பாக முடித்தோம். கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும் பகுதியையும் அன்றைக்கே காட்டிக்கொடுத்தோம். அது தவறு. இரண்டு நாள் கழித்து ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் என்னை அழைத்தார். நாற்பது பேரிடமிருந்து ஒரே மெசேஜ், எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி: மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, எனக்கு ரெஃபரல் தாருங்கள். அதாவது அவர் கம்பெனியில் சிபாரிசு.

அவர் கோபப்படவில்லை. "சார், ஒருத்தன் மட்டும் நான் வேலை செய்யற மெஷின் பத்திக் கேட்டிருந்தான். அவனுக்கு மட்டும் பதில் போட்டேன்" என்றார். அந்த ஒருவன் என்ன எழுதினான் என்று தேடிப் பார்த்தோம். மூன்று வரி. தன் புராஜெக்டில் மோட்டார் சூடாவதைச் சொல்லி, உங்கள் லைனில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தான். அதையே அவன் அனுமதியோடு மாதிரியாக வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு முன்னாள் மாணவர்களை முதலில் நாங்கள் அணுகி, சனிக்கிழமை அரைமணி நேரம் ஆன்லைனில் பேச அழைப்பது, பேச்சைக் கேட்டவர்கள் மட்டும் பிறகு தனியாக எழுதுவது என்று வைத்தோம். ரெஃபரல் கேட்பது கடைசியில்தான்.

நடுவில் எங்களால் நேர்ந்த தவறு

அந்த ஒரே ஷீட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. துறை ஒருங்கிணைப்பாளர்கள் எல்லோரும் திருத்த வசதியாக, லிங்க் இருக்கும் எவரும் திருத்தலாம் என்ற அமைப்பில் அதைத் திறந்து வைத்தேன். போன் எண், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அதில். டிசம்பரில் ஒரு மாணவனுக்குப் போன். பேசியவர் தன்னை எச்.ஆர். என்று சொல்லிக்கொண்டு, அவன் பதிவு எண்ணையும் பன்னிரண்டாவது மதிப்பெண்ணையும் சரியாகச் சொல்லி, நீ ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டாய், லேப்டாப்புக்குத் திருப்பித் தரும் டெபாசிட் 3,500 ரூபாய் கட்டு என்றிருக்கிறார். மதிப்பெண் வரைக்கும் தெரிந்தவர் கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி, யு.பி.ஐ.யில் கட்டிவிட்டான்.

மறுநாள் எங்களிடம் வந்தபோது சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்க வைத்தோம், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிந்தோம். பணம் திரும்ப வரவில்லை. எங்கள் ஷீட்டிலிருந்துதான் தகவல் போனது என்று நிரூபிக்க ஒன்றும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த லிங்க்கை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை ஷீட்டின் பழைய பதிவுகள் சொல்லாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் வந்திருந்தது, அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நான் பேசியும் இருந்தேன்.

அன்றே ஷீட்டை மூடி, நான்கு பேரின் கல்லூரி மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். போன் எண்ணும் பிறந்த தேதியும் தனி ஷீட்டுக்குப் போயின. போர்டில் ஒட்டும் பட்டியலில் பதிவு எண், பெயர் மட்டும். எந்த டிரைவுக்கும் எந்தக் கம்பெனிக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, யாராவது கேட்டால் முதலில் பிளேஸ்மென்ட் செல்லுக்கு வா என்ற வரி இப்போது ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் வரியாக வருகிறது.

பிறகு என்ன ஆனது

ஜனவரியில் கிட்டத்தட்ட அதே தகுதி கேட்ட இன்னொரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வந்தது. பட்டியல் மாலை ஆறரைக்குப் போனது, போர்டிலும் ஏறியது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் விருப்பமில்லை என்று சொன்னவர்கள் சிலரைத் தவிர எல்லோர் பெயரும் போனது, மாணவியர் விடுதி முழுக்க. டெஸ்ட் அன்று காலை அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட, இவர்கள் எல்லோரும் முந்தைய வருடங்களில் எங்கே இருந்தார்கள் என்ற எண்ணம்தான் அதிகம் வந்தது.

அந்த இ.சி.இ. மாணவி அந்த டெஸ்டில் தேறி, நேர்காணலில் தேறாமல் போனாள். பிப்ரவரியில் வேறொரு கல்லூரியில் நடந்த பூல் கேம்பஸில் (பல கல்லூரி மாணவர்களுக்குச் சேர்த்து நடத்தும் ஆளெடுப்பு) தேர்வாகி, இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். செப்டம்பரில் தவறிய கம்பெனியின் வேலை இதைவிட நல்லது, சம்பளமும் அதிகம். அதை ஈடுகட்டிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன்.

கெடு தர மறுத்த கம்பெனி அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு வரவே இல்லை. சிவில் மாணவர்களுக்கு இந்த மாற்றங்களால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, டிரைவே வராத துறைக்கு மெசேஜ் எத்தனை மணிக்குப் போனால் என்ன. அவர்களுக்குத் தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக அப்ரண்டிஸ் இடங்கள் தேடத் தொடங்கியது மட்டும்தான் எங்களால் முடிந்தது. மதிய நேரக் கம்ப்யூட்டர்களில் பத்தில் ஏழுதான் ஓடுகின்றன.

மறுபடி செய்தால்

ஒவ்வொரு டிரைவ் முடிந்ததும் யார் பதியவில்லை என்ற பட்டியலை முதலில் எடுப்பேன், பதிந்தவர் எண்ணிக்கையை அப்புறம். நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையிலும் அதற்கு ஒரு பத்தி இருக்கும். ஷீட்டைத் திறப்பதற்கு முன் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன், அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். லிங்க்ட்இன் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், ஆனால் ஒரே பீரியடில் இல்லை, ஒவ்வொருவரும் தான் செய்த ஏதாவது ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதிய பிறகு. எல்லாவற்றுக்கும் மேலே, ஏற்பாட்டை வடிவமைக்கும்போது மாணவியர் விடுதியிலிருந்து இரண்டு பேரையும் கடைசிப் பேருந்தில் போகும் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைப்பேன். நாங்கள் யோசித்த மேசையில் எல்லோர் கையிலும் எந்நேரமும் போன் இருந்தது.

விடுதியில் மரப்பெட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. இறுதியாண்டு மாணவிகளுக்கு மதியம் போன் தர வேண்டும் என்ற கோரிக்கை ஜூன் மாத விடுதிக் குழுக் கூட்டத்துக்கு மறுபடி போகிறது. இந்த முறை அதில் வார்டன் மேடத்தின் கையெழுத்தும் இருக்கிறது, அந்த அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது.